எண்ணெய் டிரம்மும் பெண் கையும்

சாலை போட வந்த தார் டிரம்மை வெட்டி, விரித்து, தகடாக்கிக் கதவாகவும் குளியல் மறைப்பாகவும் வைத்துக்கொண்ட வீடுகளை வந்தவாசிப் பக்கத்துக் கிராமங்களில் பார்த்திருப்போம். டிரம் என்றால் நமக்குத் தண்ணீர் பிடித்து வைப்பது, நெல் கொட்டி வைப்பது. அதை நிரப்புவதும் கழுவிக் கவிழ்ப்பதும் பெண்களின் வேலை. அதே 200 லிட்டர் இரும்பு டிரம்மின் அடிப்பாகத்தைச் சுத்தியலால் அடித்துக் குழித்து, அதற்குள் ஒரு முழு ஸ்வர வரிசையையே பிடித்துவிட்டார்கள் டிரினிடாட் தீவின் ஏழை மக்கள். ஸ்டீல் டிரம், ஸ்டீல்பேன் என்று உலகம் அதை அழைக்கிறது. மின்சாரம் இல்லாமல் ஒலிக்கும் இசைக்கருவிகளில் இருபதாம் நூற்றாண்டு தந்த முக்கியமான புதுக்கருவி எது என்று கேட்டால், பலரும் முதலில் சொல்வது இதைத்தான்.

இதன் வரலாற்றை எழுதியவர்கள் பெரும்பாலும் கண்டுபிடித்த ஆண்களின் பட்டியலாகவே எழுதினார்கள். யார் முதலில் குழித்தார், யார் முதலில் ரப்பர் சுற்றினார், யார் முதலில் ஸ்வரங்களை வட்டமாக அடுக்கினார் என்று அந்தப் பட்டியல் நீளும். அந்தப் பெயர்கள் உண்மையானவை, மதிக்கத்தக்கவை. ஆனால் ஒரு கருவி பிறக்க, அதற்கு முன் ஒரு தெரு வேண்டும். அந்தத் தெருவில் நின்று அடி வாங்கியவர்கள் வேண்டும். அடுத்த நாளும் அதே தெருவில் இறங்க மனசு வேண்டும். இந்தக் கணக்கில் பெண்கள் எங்கே என்று தேடுவதுதான் இந்தக் கட்டுரை. தேடிப் போகும் வழியில் நம் தப்பும் பறையும் மானாமதுரைக் கடமும் எதிர்ப்படுகின்றன. அவற்றையும் ஒதுக்காமல் பார்ப்போம்.

விட்டத்துக்குக் கீழே இருந்தவர்கள்

ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துக் கொண்டுவரப்பட்டவர்கள் டிரினிடாட்டின் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக உழைத்தார்கள். 1838 ஆகஸ்ட் 1இல் பிரிட்டிஷ் காலனிகளில் அவர்களுக்கு முழு விடுதலை கிடைத்தது. அடிமைக் காலத்தில் கரும்புத் தோட்டம் தீப்பிடித்தால், நள்ளிரவிலும் கொம்பு ஊதி, சாட்டை வீசி அவர்களை விரட்டிக்கொண்டு போவார்கள். விடுதலைக்குப் பிறகு அந்தக் காட்சியையே அவர்கள் திருவிழாவாக மாற்றினார்கள். கையில் தீப்பந்தம், கம்பு, முழங்கும் தோல்மேளம். எரிந்த கரும்பு என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து அதற்குக் ‘கான்புலே’ என்று பெயர் வந்தது.

இந்த ஊர்வலங்களில் பெண்கள் வேடிக்கை பார்ப்பவர்களாக இருக்கவில்லை. சிலம்பம் போன்ற கம்புச் சண்டைக் குழுக்களில் அவர்கள் பாடினார்கள். சிலர் கம்பெடுத்து மோதினார்கள். பொடீசியா, ஆலிஸ் சுகர் போன்ற சண்டைக்காரிகளின் பெயர்கள் இன்றும் அந்தத் தீவின் வரலாற்றில் பேசப்படுகின்றன. போர்ட் ஆஃப் ஸ்பெயின் நகரத்தின் பின்கட்டு முற்றங்களில், ஒற்றை அறைகளில் வாழ்ந்த இந்தப் பெண்கள் துணி வெளுத்தார்கள், தெருவில் விற்றார்கள், வீட்டு வேலை செய்தார்கள். அவர்களை மேட்டுக்குடி ‘ஜமெத்’ என்று அழைத்தது. விட்டம் என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் பட்டம் அது. மரியாதைக்குரிய சமூகத்தைக் குறுக்கே வெட்டும் ஒரு கோடு, அந்தக் கோட்டுக்குக் கீழே இருப்பவள் ஜமெத். ஊருக்கும் சேரிக்கும் நடுவே கோடு போட்டுப் பழகிய நமக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டிய தேவை இல்லை. ஆணைச் சொன்னால் ரௌடி என்ற பொருள் வரும். பெண்ணைச் சொன்னால் நடத்தை கெட்டவள் என்ற பொருள் வரும். ஒரே சொல்தான். அதன் பாரம் பெண் தலையில் கூடுதலாக இறங்கியது.

1881 கார்னிவலில் காவல்துறைத் தலைவர் கேப்டன் பேக்கர் இந்த ஊர்வலத்தை அடக்கப் படையோடு வந்தார். போர்ட் ஆஃப் ஸ்பெயின் தெருக்களில் மக்கள் எதிர்த்து நின்று மோதினார்கள். இதைத் தொடர்ந்து 1880களில் வந்த சட்டங்கள் தீப்பந்தத்தையும் கம்புடன் கூடுவதையும் தெருவில் மேளம் அடிப்பதையும் கட்டுப்படுத்தின. தோல்மேளம் வாயடைத்துப் போனது. ஸ்டீல்பேன் கதையின் முதல் அத்தியாயம் இந்தத் தடைதான்.

கப்பலேறிய தப்பு

அடிமைமுறை ஒழிந்ததும் தோட்ட முதலாளிகள் கூலிக்கு ஆள் தேடி நம் பக்கம் வந்தார்கள். 1845 மே 30இல் கல்கத்தாவிலிருந்து புறப்பட்ட ‘ஃபதேல் ரசாக்’ கப்பல் டிரினிடாட்டை அடைந்தது. அன்று தொடங்கி 1917 வரை ஏறத்தாழ 1,44,000 இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாக அந்தத் தீவில் இறங்கினார்கள். பெரும்பாலானோர் வட இந்தியர்கள். சென்னைத் துறைமுகத்திலிருந்து போனவர்களும் இருந்தார்கள். தமிழரும் தெலுங்கரும் அங்கே சேர்ந்து ‘மதராசி’ என்ற ஒரே பெயருக்குள் அடைபட்டார்கள்.

வந்தவாசி அன்று வட ஆர்க்காடு மாவட்டத்தில் ஒரு தாலுகா. பாடப்புத்தகத்தில் இந்த ஊருக்கு ஒரே ஒரு தேதிதான்: ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிய 1760 ஜனவரி 22. பீரங்கிச் சத்தம் வரலாறாகிவிட்டது. அதற்கு நூறாண்டுக்குப் பின் இதே வட ஆர்க்காட்டிலிருந்து கடல் கடந்தவர்களின் சத்தம் ஆகவில்லை. தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு 1860 முதல் 1911 வரை போன சுமார் 1,52,000 ஒப்பந்தக் கூலிகளில் மூன்றில் இரண்டு பங்கினர் சென்னை மாகாணத்தவர். அவர்களில் வட ஆர்க்காட்டிலிருந்து போனவர்கள் மிக அதிகம். கோரைப்பாய் நெய்த கையும் ஏர் பிடித்த கையும் கரும்பு வெட்டப் போயின. 1876-78 தாது வருஷப் பஞ்சம் இந்த மாவட்டத்தை எப்படி உலுக்கியது என்பதை நினைத்துப் பார்த்தால், அந்தப் பயணத்தை ஆசைப்பட்டுப் போனது என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஆள் எடுப்பதில் காலனி அரசு ஒரு விகிதம் வைத்திருந்தது: 100 ஆண்களுக்கு 40 பெண்கள். இந்த எண்ணிக்கையை நிரப்ப ஏஜென்டுகள் அலைந்தார்கள். விதவைகள், கணவன் வீட்டை விட்டு வந்தவர்கள், பஞ்சத்தில் தனித்துவிடப்பட்டவர்கள் என்று பலரும் தனியாகவே கப்பலேறினார்கள். அவர்களையும் ‘நடத்தை சரியில்லாதவர்கள்’ என்றே காலனி ஆவணங்கள் முத்திரை குத்தின. ஜமெத் என்ற பட்டமும் இந்த முத்திரையும் ஒரே மையில் எழுதப்பட்டவை.

போனவர்கள் சும்மா போகவில்லை, மேளத்தோடு போனார்கள். கயானாவில் மாரியம்மன், காளியம்மன் வழிபாட்டில் இன்றும் அடிக்கப்படும் மேளத்தின் பெயர் ‘தப்பு’. அடிப்பதற்கு முன் அதை நெருப்பில் காய்ச்சுகிறார்கள், நம் ஊரில் செய்வதைப் போலவே. காரைக்கால், புதுச்சேரி வழியாகப் போன தமிழர்களின் வாரிசுகள் வாழும் குவாதலூப், மார்ட்டினிக் தீவுகளிலும் தப்பும் மத்தளமும் பெயர் சற்றே திரிந்து நிலைத்திருக்கின்றன. மொழி போய்விட்டது. பேரன் பேத்திக்குத் தமிழ் ஒரு வரி தெரியாது. ஆனால் தோலில் அடிக்கும் அடி மறக்கவில்லை.

டிரினிடாட்டில் இந்தியர்களின் மேளமும் சட்டத்தின் கண்ணில் பட்டது. முகரம் பண்டிகையை அங்கே ‘ஹோசே’ என்பார்கள். முஸ்லிம்கள் தொடங்கிய அந்த ஊர்வலத்தில் இந்துக்களும் ஆப்பிரிக்க வம்சாவளியினரும் சேர்ந்துகொண்டார்கள். 1884 அக்டோபர் 30 அன்று, தடையை மீறி சான் ஃபெர்னாண்டோ நகருக்குள் நுழைந்த ஊர்வலங்கள்மீது காவல்துறை துப்பாக்கியால் சுட்டது. குறைந்தது 16 பேர் இறந்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். கான்புலே மேளத்தையும் ஹோசே மேளத்தையும் ஒரே பத்தாண்டில் ஒரே அரசு ஒடுக்கியது. மேளச் சத்தம் கேட்டால் ஆட்சி ஏன் நடுங்குகிறது? வேலை நேரத்தை மணி அடித்துச் சொல்வது முதலாளி. கூடும் நேரத்தை மேளம் அடித்துச் சொல்பவர்கள் மக்கள். இந்த வித்தியாசம் ஆட்சிக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

மூங்கிலில் தொடங்கி எஃகில் முடிந்த கதை

தோலைத் தடுத்தால் மூங்கில் இருக்கிறதே என்றார்கள் மக்கள். வெவ்வேறு நீளத்தில் மூங்கிலை வெட்டி, தடித்ததைத் தரையில் குத்தியும் மெல்லியதைக் குச்சியால் தட்டியும் தாளம் எழுப்பினார்கள். இதற்கு ‘தம்பூ பம்பூ’ என்று பெயர். மூங்கில் சீக்கிரம் பிளந்துவிடும். 1930களில் ஊர்வலத்துக்கு நடுவே பிஸ்கட் டின், பெயின்ட் டப்பா, குப்பைத்தொட்டி மூடி, கார் பிரேக் டிரம் என்று கையில் கிடைத்த இரும்பெல்லாம் மூங்கிலுக்குப் பதிலாக வந்து சேர்ந்தது. அந்தப் பத்தாண்டின் இறுதியில் முழுக்க உலோகத்தையே அடிக்கும் குழுக்கள் தெருவுக்கு வந்துவிட்டன.

அடி விழுந்து நசுங்கிய இடத்தில் ஒலி மாறுகிறது என்பதைப் பலரும் பல சேரிகளில் கவனித்தார்கள். லாவண்டில் மலைச்சரிவில் வாழ்ந்த வின்ஸ்டன் ‘ஸ்ப்ரீ’ சைமன், இரவல் கொடுத்த டின் நசுங்கித் திரும்பி வந்ததை நிமிர்த்த அடித்தபோது ஸ்வரங்களைக் கண்டார் என்று ஒரு கதை உண்டு. எல்லி மனெட், வெளிப்பக்கம் புடைத்திருந்த தகட்டை உட்குழிவாக்கியவர். 55 காலன் எண்ணெய் டிரம்மைக் கையாண்ட முன்னோடி. ஆன்டனி வில்லியம்ஸ் சிலந்திவலைபோல ஸ்வரங்களை வட்டமாக அடுக்கி, பக்கத்துப் பக்கத்தில் ஒத்திசையும் ஸ்வரங்கள் வரும்படி செய்தார். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் 1942 முதல் 1945 வரை கார்னிவல் தடைபட்டிருந்தது. எண்ணெய் வயலும் அமெரிக்கக் கடற்படைத் தளமும் இருந்த தீவில் காலி டிரம்களுக்கோ பஞ்சமில்லை. 1945இல் போர் முடிந்த நாளில் இந்தக் குழுக்கள் இரும்போசையோடு தெருவில் இறங்கின.

செய்முறை கடினமானது. டிரம்மைக் கவிழ்த்து, கனமான சம்மட்டியால் அடிப்பாகத்தை மணிக்கணக்கில் அடித்து, கிண்ணம்போல் குழிக்க வேண்டும். அவசரப்பட்டால் தகடு கிழிந்துவிடும். பிறகு ஸ்வர இடங்களை வரைந்து, உளியும் சுத்தியலும் வைத்து எல்லைப் பள்ளங்களைப் போட வேண்டும். பக்கவாட்டை வெட்டும் அளவைப் பொறுத்துக் கருவியின் குரல் அமையும்: குட்டையாக வெட்டினால் மேல்ஸ்தாயி, முழு டிரம்மாக விட்டால் அடி மந்திரம். அடுத்து நெருப்பில் காய்ச்சி எஃகை இறுக்குவார்கள். கடைசியாகச் சிறு சுத்தியலால் ஒவ்வோர் ஓட்டையும் கீழிருந்தும் மேலிருந்தும் தட்டித் தட்டிச் சுருதி சேர்ப்பார்கள். ஒரே ஸ்வர இடத்தில் அடிப்படைச் சுருதியும் அதன் மேல்ஸ்தாயியும் சேர்ந்து ஒலிக்கும்படி தட்டுவதில்தான் கைத்திறன் இருக்கிறது. தப்பைக் காய்ச்சுவது தோலை இறுக்க. டிரம்மைக் காய்ச்சுவது எஃகை இறுக்க. இரண்டிலும் நெருப்பு இல்லாமல் சுருதி இல்லை.

வாசிப்பது இரு கையிலும் ரப்பர் சுற்றிய சிறு குச்சிகளால். எஃகில் ஒலி சட்டென அடங்கிவிடும் என்பதால், நீண்ட ஸ்வரத்துக்கு இரு குச்சிகளையும் வேகமாக மாற்றி மாற்றி உருட்ட வேண்டும். மேல்ஸ்தாயிக் கருவியில் சுமார் 29 ஸ்வரங்கள் ஒரே குழியில் இருக்கும். மந்திர ஸ்தாயிக்காரர் ஆறு அல்லது ஒன்பது முழு டிரம்களுக்கு நடுவே நின்று, உடம்பைத் திருப்பித் திருப்பி வாசிப்பார். ஆண்டுதோறும் நடக்கும் ‘பனோரமா’ போட்டியில் பெரிய குழுவொன்றில் 120 பேர் வரை வாசிக்கிறார்கள். பலர் ஸ்வரக் குறிப்பைப் பார்ப்பதில்லை. இசையமைப்பாளர் ஒரு சொற்கட்டை வாசித்துக் காட்ட, கேட்டு, மனத்தில் பதித்து, அடுத்ததுக்குப் போகிறார்கள். நம் கோயில் மேளத்தில் பாடம் சொல்வதைப் போலத்தான். இந்தப் பயிற்சி நடப்பது திறந்த வெளிக் கொட்டடியில், பெரும்பாலும் இரவில். அந்த ‘இரவில்’ என்ற சொல்லில்தான் பெண்ணுக்கான பூட்டு இருந்தது.

பெண்கள் உள்ளே வந்த வழி

1940களில் ஸ்டீல்பேன் அடிப்பவன் என்றால் போக்கிரி என்று பொருள். குழுக்களுக்கிடையே ரத்தம் சிந்திய சண்டைகள் நடந்தன. நல்ல வீட்டுப் பையனே கொட்டடிக்குப் போனால் அடி விழும். பெண் போனால் என்ன பேசியிருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்தக் காலத்தில் கசபிளாங்கா குழுவில் சேர்ந்து வாசித்த டெய்சி ஜேம்ஸை, ஸ்டீல்பேன் வாசித்த முதல் பெண் என்று வரலாறு குறிக்கிறது. எழுபது எண்பது ஆண்களின் பெயர்களோடு எழுதப்படும் அந்தத் தொடக்க கால வரலாற்றில் அவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரே ஒரு வரி.

1951இல் லண்டனில் நடந்த பிரிட்டன் திருவிழாவுக்கு, பல குழுக்களிலிருந்து தேர்ந்த கலைஞர்களைத் திரட்டி ‘டாஸ்போ’ என்ற குழுவை அனுப்பியது டிரினிடாட். துருப்பிடித்த டிரம்மை ஏளனமாகப் பார்த்தவர்கள், அதில் எழுந்த இசையைக் கேட்டு வாயடைத்துப் போனார்கள். ஸ்டீல்பேனுக்கு உலக மரியாதை வந்த நாள் அது. அந்தக் குழுவில் பெண் ஒருவர்கூட இல்லை.

ஏறத்தாழ அதே நேரத்தில் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் ஹேசல் ஹென்லி என்ற ஆசிரியை, முழுக்கப் பெண்களே உள்ள ‘கேர்ள் பேட்’ என்ற குழுவைத் தொடங்கினார். படித்த, நடுத்தர வகுப்புப் பெண்கள். சேரிக் கருவியை அவர்கள் வீட்டு முற்றத்தில் வைத்து வாசித்தார்கள், மேடையேறினார்கள், அக்கம்பக்கத்து நாடுகளுக்கும் போனார்கள். தங்கள் வகுப்பின் முகச்சுளிப்பை மீறியது பெரிய துணிச்சல். அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தப் பெண்கள் வாசித்ததால் ‘கருவிக்குக் கௌரவம் வந்தது’ என்றுதான் அன்றும் இன்றும் எழுதுகிறார்கள். அப்படியானால், கம்பும் மேளமுமாகத் தெருவில் நின்று 1881இல் காவல்துறையை எதிர்கொண்ட ஜமெத் பெண்கள் கொண்டுவந்தது என்ன? அவர்கள் இல்லாமல் காப்பாற்றி வைக்க ஒரு திருவிழாவே இருந்திருக்காது. அவர்கள் வந்தால் கருவி கெட்டுப்போகும். ஆசிரியை வந்தால் கருவி திருந்திவிடும். பெண்ணைக் கொண்டே பெண்ணை அளக்கும் இந்தக் கோலை நாம் எல்லா ஊரிலும் பார்த்திருக்கிறோம்.

1962இல் நாடு விடுதலை பெற்றது. 1963இல் பனோரமா தொடங்கியது. பள்ளிகளுக்குள் ஸ்டீல்பேன் நுழைந்த பிறகு சிறுமிகள் இயல்பாகக் குச்சி பிடித்தார்கள். இந்திய வம்சாவளியைச் சேர்ந்த ஜித் சமரூ, தன் அண்ணன் தம்பி அக்காள் தங்கைகளோடு ‘சமரூ ஜெட்ஸ்’ என்ற குடும்பக் குழுவில் வாசித்து வளர்ந்தவர். பின்னாளில் ரெனகேட்ஸ் குழுவுக்கு இசையமைத்து ஒன்பது முறை பனோரமா வென்றார். ஹோசே மேளத்தையும் கான்புலே மேளத்தையும் பிரித்து வைக்க நினைத்தவர்களுக்கு அது நல்ல பதில். பெண் இசையமைப்பாளர் ஒருவர் பனோரமா போட்டியில் வெல்ல 2011 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நடுத்தர அளவுக் குழுக்களின் பிரிவில் வேலி ஹார்ப்ஸ் குழுவுடன் மிஷெல் ஹக்கின்ஸ்-வாட்ஸ் அதைச் சாதித்தார். போட்டி தொடங்கி 48 ஆண்டுகளுக்குப் பிறகு.

இன்று குழுக்களில் வாசிப்பவர்களில் பெண்கள் ஏராளம். சுத்தியல் பிடித்துச் சுருதி சேர்ப்பவர்களோ இன்னும் பெரும்பாலும் ஆண்கள்தான். வாசிக்கலாம், செய்யக்கூடாது. இந்த இடத்தில் நம் ஊர் நினைவுக்கு வருகிறது. இங்கே கதை தலைகீழ்.

மானாமதுரையில் தட்டும் கை

சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்தில் ஃபெலிக்ஸ் ரோனர் பல்லாண்டுகள் ஸ்டீல்பேன் செய்துவந்தவர். கடம் வாசிக்கும் ஒரு கலைஞர் அவரிடம் வந்து, கைவிரலால் தட்டி வாசிக்கும்படி, ஸ்வரங்கள் உள்ள ஒரு எஃகுக் கடம் கிடைக்குமா என்று கேட்டார். அதிலிருந்து ரோனரும் சபீனா ஷேரரும் சேர்ந்து 2000ஆம் ஆண்டில் ‘ஹாங்’ என்ற கருவியை உருவாக்கினார்கள். மேலே ஸ்டீல்பேன் போன்ற ஸ்வரங்கள், உள்ளே கடம்போல் காற்று. இன்று உலகமெங்கும் ‘ஹேண்ட்பேன்’ என்று விற்கப்படும் கருவிகளுக்கு அதுவே தாய். அதன் வடிவம் பதிப்புரிமைக்கு உரிய படைப்பு என்று 2024இல் பெர்ன் வணிக நீதிமன்றம் கூறியது. இதற்கு முன் 2001இல், ஸ்டீல்பேனை அழுத்த முறையில் வார்க்கும் ஒரு உத்திக்கு அமெரிக்கர் இருவர் காப்புரிமை பெற்றபோது டிரினிடாட் கொதித்தது. சேரியில் பிறந்த கருவிக்குச் சேரியின் பெயரில் பத்திரம் இல்லை. மானாமதுரை மண்ணுக்கும் இல்லை.

அந்த மானாமதுரையில் கடம் செய்யும் குடும்பத்தைச் சேர்ந்த மீனாட்சி கேசவன் சங்கீத நாடக அகாதமி விருது பெற்றவர். சக்கரத்தில் வனைந்த பானையை மரத்தட்டால் வெளியேயும் கல்லால் உள்ளேயும் தாங்கி, ஆயிரக்கணக்கான முறை தட்டி, சுவரின் கனத்தைச் சமமாக்கி, சுருதிக்குக் கொண்டுவரும் கை அவருடையது. ஸ்டீல்பேனில் சுத்தியல் செய்வதை இங்கே அவர் கை செய்கிறது. கச்சேரி மேடையில் கடத்தைப் பார்க்கிறோம். வாசிப்பவரின் பெயரை அறிவிக்கிறார்கள். தட்டிச் செய்தவளின் பெயரை எந்தச் சபா அறிவித்தது?

வாசிக்கப் போன பெண்ணின் கதை வேறு. மயிலாடுதுறையில் பிறந்த சுகன்யா ராம்கோபால் சென்னையில் கடம் கற்க விரும்பியபோது, பெண்ணின் கை இதைத் தாங்குமா என்ற சந்தேகம்தான் முதலில் வந்தது. விக்கு விநாயகராமின் தந்தை ஹரிஹர சர்மா அவரை ஏற்றுக் கற்பித்தார். கற்றுத் தேர்ந்த பிறகும், பெண்ணோடு மேடையில் உட்கார மாட்டோம் என்று மிருதங்கக் கலைஞர்கள் சிலர் மறுத்தார்கள். அவர் 1995இல் பெண்களின் தாளக் குழுவாக ‘ஸ்த்ரீ தாள் தரங்’கைத் தொடங்கினார். அவருக்கும் முன்பே, திருக்கோகர்ணம் ரங்கநாயகி அம்மாள் மிருதங்க மேடையேறிப் பேர் வாங்கியிருந்தார். அவர் வந்தது இசை வேளாளர் மரபிலிருந்து; ‘குடும்பப் பெண்’ என்ற கோட்டுக்கு வெளியே தள்ளப்பட்டிருந்த மரபு அது. மேடை அங்கேதான் முதலில் பெண்ணுக்குத் திறந்திருந்தது.

டிரினிடாட்டில் பெண் வாசிக்கலாம், செய்ய முடியாது. நம்மிடம் பெண் செய்யலாம், வாசிக்கக் கூடாது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், கை வலிமை, உடல் அமைப்பு என்று சொல்லப்பட்ட காரணங்கள் உதிர்ந்து போகின்றன. ஆயிரக்கணக்கான முறை மண்ணைத் தட்டும் கைக்கு அரை மணி நேரத் தனியாவர்த்தனம் பாரமா? பெருமை எங்கே குவிகிறதோ அந்த இடத்தில் பெண்ணுக்கு வாசல் சாத்தப்படுகிறது. டிரினிடாட்டில் பெருமை சுருதி சேர்ப்பவனுக்கு. இங்கே பெருமை மேடையில் உட்கார்ந்தவனுக்கு.

பறை கேட்ட பெண்கள்

நம் பகுதியின் ஒலிகளை நினைத்துப் பார்ப்போம். திரௌபதியம்மன் கோயில் பாரதக் கூத்தில் திரௌபதி வேடம் கட்டுவதும் ஆண், மத்தளம் அடிப்பதும் ஆண். அம்மனை வர்ணிக்கும் பம்பையும் உடுக்கையும் ஆண் கையில். சாமி வந்து ஆடுவது மட்டும் பெரும்பாலும் பெண். சாவு வீட்டில் வாசலில் பறை ஆண்களுடையது. உள்ளே ஒப்பாரி பெண்களுடையது. பெண்ணுக்குக் குரலும் கைத்தட்டலும் அனுமதி. கருவிக்கு அனுமதி இல்லை.

பறை என்ற சொல்லுக்கே பேசுதல், சொல்லுதல் என்று பொருள் உண்டு. தொல்காப்பியம் ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருள்களில் பறையைச் சேர்க்கிறது. ஆண்டாளின் திருப்பாவையில் சிறுமிகள் நோன்பு நோற்றுக் கண்ணனிடம் கேட்பதும் பறைதான். உரைகாரர்கள் அதற்குக் கைங்கரியம், அதாவது இறைத்தொண்டு என்று பொருள் விரித்தார்கள். உரை உயர்ந்ததாகவே இருக்கட்டும். ஒரு பெண் மேளம் கேட்டாள் என்றால் அது மேளமாகவே இருக்கக்கூடாதா என்ற கேள்வியும் இருக்கட்டும்.

ஒரு சாதியின் மீது சுமத்தப்பட்ட கட்டாயத் தொழிலாகப் பறை ஆனபோது அது இழிவின் அடையாளமாக்கப்பட்டது. அடிக்க மறுத்ததும் போராட்டம், மரியாதையோடு அடிப்பேன் என்றதும் போராட்டம். இந்தப் போராட்டத்தில் பெண்களின் பக்கம் தனியாகச் சொல்லப்பட வேண்டியது. 1990இல் திண்டுக்கல்லில் சகோதரி சந்திரா தொடங்கிய சக்தி கலைக்குழு, தலித் இளம்பெண்களுக்குப் பறையாட்டம் பயிற்றுவித்தது. இடது கையில் சிண்டுக்குச்சி, வலது கையில் அடிக்குச்சி, தோளில் பறை, கால்களில் சலங்கை. தெருவில் குனிந்து நடக்கப் பழக்கப்பட்ட உடம்பு, பறையோடு நிமிர்ந்து சுழன்றது. இங்கே ‘கேர்ள் பேட்’ கதையிலிருந்து ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. வெளியிலிருந்து வந்த மேல்தட்டுப் பெண்கள் கருவிக்குக் கௌரவம் கொடுக்கவில்லை. யார்மேல் இழிவு சுமத்தப்பட்டதோ அந்த வீட்டுப் பெண்களே அதை எடுத்து அடித்தார்கள். சாதி போட்ட கோட்டையும் ஆண் போட்ட கோட்டையும் ஒரே அடியில் தாண்டினார்கள்.

இப்போது பறை கல்லூரி விழாக்களிலும் நகரத்துப் பயிற்சி வகுப்புகளிலும் ஒலிக்கிறது. பெண்கள் நிறையக் கற்கிறார்கள். மகிழ்ச்சியாகவே இருக்கிறது. ஆனால் ஸ்டீல்பேன் வரலாறு ஓர் எச்சரிக்கையைத் தருகிறது. கருவிக்கு மரியாதை வருவது வேறு, அதைக் காத்தவர்களுக்கு மரியாதை வருவது வேறு. 1992இல் டிரினிடாட் அரசு ஸ்டீல்பேனைத் தேசியக் கருவியாக அறிவித்தது. 2023இல் ஐ.நா. பொதுச்சபை ஆகஸ்ட் 11ஐ உலக ஸ்டீல்பேன் நாளாக ஏற்றது. 2025 ஜனவரியில் நாடாளுமன்றம் நாட்டுச் சின்னத்தை மாற்றி, கொலம்பஸின் மூன்று கப்பல்களை எடுத்துவிட்டு அங்கே ஸ்டீல்பேனை வைக்க முடிவு செய்தது. ஆக்கிரமித்தவன் கப்பல் இறங்கி, ஒடுக்கப்பட்டவன் கருவி ஏறியது பெரிய வெற்றி. அந்தச் சின்னத்தில் கருவி இருக்கிறது, குச்சி இருக்கிறது. பொடீசியாவுக்கும் டெய்சி ஜேம்ஸுக்கும் அங்கே என்ன இடம் என்பதை அந்த நாட்டுப் பெண்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

நாமும் நம் பங்குக்குச் சில கேள்விகளைக் கேட்கலாம். பள்ளியில் பறைப் பயிற்சி வந்தால் மாணவிகளின் கையிலும் பறை வருமா, அல்லது அவர்கள் கும்மிக்கு ஒதுக்கப்படுவார்களா? கற்பிக்க அழைக்கப்படுவது யார், அந்த ஊர்ச் சேரியின் கலைஞரா, நகரத்திலிருந்து வரும் பயிற்சியாளரா? ஊதியம் யாருக்கு? தோல் பதமிடவும் சட்டம் கட்டவும் காய்ச்சிச் சுருதி பார்க்கவும் ஒரு பெண் கற்றுக்கொள்ள விரும்பினால், அவளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் முன்வருமா? குச்சியைக் கையில் கொடுப்பதோடு நிறுத்திக்கொண்டால், கருவி எப்படிப் பேச வேண்டும் என்று முடிவு செய்பவர் இன்னொருவராகவே இருப்பார். டிரினிடாட்டுப் பெண்கள் இன்று கேட்பது சுத்தியலை. நாம் கேட்க வேண்டியதும் அதைத்தான்.